எல்ஃபுக்குக் கூலி எங்க, மாப்பிள்ளை?

மாப்பிள்ளை, செத்த நேரம் உக்காருங்க. அந்த பிரிண்டர் தானா ஓடும். நீங்க பக்கத்துல நின்னு முறைச்சுப் பாத்தா அது பயந்துக்கிட்டு வேகமா ஓடப் போறதில்ல.

நாப்பது எல்ஃப் படம் போட்டிருக்கீங்கன்னு எம் மக சொன்னா. புள்ளைக்கு வயசு அஞ்சு. கிறிஸ்மஸுக்கு இன்னும் மூணு வாரங்கூட முழுசா இல்ல. நாளைக்கு ரெண்டு எல்ஃப் வீதம் கலர் அடிச்சு ஒப்படைக்கணும்னு கட்டம் போட்டு அட்டவணை எழுதி, ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியும் ஆச்சு. ஆபீஸுல ஆள் மேய்ச்ச கை வீட்டுல சும்மா இருக்குமா? ஞாயித்துக்கிழமைக்கும் கட்டம் போட்டிருக்கீங்களே, அதத்தான் நான் ரொம்ப மெச்சுதேன். ஆண்டவரே ஆறு நாள்ல உலகத்தப் படைச்சிட்டு ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தாரு. உங்க மகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கோவிச்சுக்கிடாதீங்க. நான் பட்டிக்காட்டான், தேரி மண்ணுல பனைக்கு நடுவுல வளந்தவன். நான் சொல்லுதது தப்பா இருந்தா, கெழவன் உளறுதான்னு விட்டுருங்க. சரியா இருந்தாலும் அப்படியே சொல்லிக்கிடுங்க, உங்க மரியாதைக்கு ஒரு கொறச்சலும் வராது.

வேடிக்கையப் பாருங்க. நான் நாசரேத்துக்காரன், நீங்க குடியிருக்கது பெத்லகேம். விவரம் தெரியாதவன் கேட்டா, நான் வேதப் புஸ்தகத்துல இருந்து நேரா எறங்கி விமானம் ஏறி வந்தேன்னு நெனைப்பான். நம்ம நாசரேத் தூத்துக்குடிச் சீமையில, உங்க பெத்லகேம் பென்சில்வேனியாவுல. மொராவிய சபைக்காரங்க 1741ல, கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி இந்தப் பேரை வச்சாங்களாம். பக்கத்துலயே இங்கயும் ஒரு நாசரேத் கிடக்கு, அங்க கிட்டார் செய்யுதாங்க. கிழக்கால கொஞ்ச தூரம் போனா ஈஸ்டன். நம்ம புள்ள கையில வச்சிருக்காளே கிரயோலா கிரேயான், அது 1903ல அங்கதான் பொறந்துது, எட்டுக் கலர் ஒரு டப்பா அஞ்சு சென்ட்டுன்னு. ஆக பெத்லகேமுக்கும் கிரேயானுக்கும் நடுவுல வீட்டை வாங்கிப்புட்டு, புள்ளைக்குக் கலர் அடிக்கச் சொல்லிக் கொடுக்க நீங்க கம்ப்யூட்டரத் தேடுதீங்க.

எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா. கிறிஸ்மஸ் கதைய எழுதி வச்சது மத்தேயுவும் லூக்காவும். ஒருத்தர் சாஸ்திரிகளைச் சொன்னாரு, ஒருத்தர் மேய்ப்பரைச் சொன்னாரு. முன்னணை இருக்கு, நட்சத்திரம் இருக்கு, பொல்லாத ஏரோதும் இருக்கான். இந்தக் கூர் காதுக்காரன் எந்த அதிகாரத்துல வாறான்? நாங்களும் ஊருல கிறிஸ்மஸ் கொண்டாடினவங்கதான். நடு ராத்திரியில கேரல் ரவுண்டு வந்து கதவத் தட்டும், தாத்தா முகமூடி மாட்டிக்கிட்டு ஒருத்தன் கொட்டுக்கு ஆடுவான், தொட்டில் புள்ளையெல்லாம் வீல்னு அலறும். அந்தத் தாத்தாவுக்குப் பின்னால எல்ஃப் ஒருத்தனும் வந்ததில்ல. எடுபிடி வேலைக்கு ஓய்வுநாள் பாடசாலைப் பயலுவளே போதும்.

போன வாரம் மொராவியக் கோயில் குடிலுக்குப் போனோம்லா? புட்ஸ்னு சொல்லுதாங்களே, அது. இருட்டுல உக்காத்தி வச்சு, ஒவ்வொரு பொம்மைக்கா வெளிச்சம் போட்டு, கதையச் சொல்லி, என்னா அழகு! எல்லாம் முடிஞ்சு அமைதியா இருக்கச்சுல நம்ம புள்ள எந்திரிச்சு, "எல்ஃப் எங்க?"ன்னு சத்தமாக் கேட்டாளே. நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க. நான், "ஆட்டுக்குட்டிய ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான், வந்திருவான்"னு சொல்லி வச்சேன். அன்னையில இருந்துதான் இவன் யாருன்னு தெரிஞ்சுக்கிடணும்னு எனக்கு அரிப்பு எடுத்துது. லைப்ரரில இருந்து எம் மக புஸ்தகமா எடுத்துட்டு வந்து வாசிச்சுச் சொன்னா. சும்மா கிடக்க கெழவனுக்கு வேற என்ன சோலி?

கேளுங்க. ஆதியில இவன் பண்ணை வீட்டு ஆளு. சுவீடன்ல டொம்டேன்னு கூப்பிட்டிருக்காங்க, நார்வேயிலயும் டென்மார்க்குலயும் நிஸ்ஸேன்னு. தொழுவத்துல குடியிருப்பான். சின்னப் புள்ள ஒசரம், நரைச்ச தாடி, சாம்பக் கலர்ல கம்பளிச் சட்டை, தலையில செவப்புக் குல்லா. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் குதிரைக்குத் தீனி வைப்பான், மாட்டைப் பாத்துக்கிடுவான், களவு போகாம வீட்டக் காப்பான். இவ்வளவுக்கும் அவன் கேட்ட கூலி என்ன தெரியுமா? கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி ஒரு கிண்ணம் கஞ்சி. அதுக்கு மேல ஒரு கட்டி வெண்ணெய்.

வெண்ணெய் கட்டாயம் வேணும். அங்க ஒரு கதை சொல்லுதாங்க. வேலைக்காரப் பொண்ணு ஒருத்தி குறும்புக்கு வெண்ணெயக் கிண்ணத்துக்கு அடியில ஒளிச்சு வச்சு, மேல கஞ்சிய ஊத்திக் கொடுத்திட்டா. நிஸ்ஸே வந்து பாத்தான், வெண்ணெயக் காணோம். நேரே தொழுவத்துக்குப் போயி நல்ல பசுவா ஒண்ண அடிச்சுக் கொன்னுட்டான். அப்புறம் வயித்தெரிச்சலோட கஞ்சியக் குடிச்சா, அடியில வெண்ணெய்! ஐயோ பாவமேன்னு ஆயிட்டு அவனுக்கு. விடியதுக்குள்ள ஓடிப் போயி, பக்கத்துப் பண்ணையில அதே கலர்ல ஒரு பசுவை அவுத்துட்டு வந்து கட்டிட்டான். பக்கத்துப் பண்ணைக்காரன் என்ன ஆனான்னு கதையில இல்ல. கதை சொன்னவன் இந்தப் பண்ணைக்காரனா இருந்திருப்பான்.

இதக் கேட்டதும் எனக்கு அவன் மேல ஒரு பாசம் வந்துட்டு மாப்பிள்ளை. எங்க விளையில பங்குப் பதநீர் ஒரு செம்பு கொறஞ்சிட்டா பனையேறி அன்னைக்கு அருவாப்பெட்டியக் கழட்டி வச்சிட்டு நிப்பான் பாருங்க, அவனும் இவனும் ஒரு சாதி. வேலையும் சுத்தம், கணக்கும் சுத்தம்.

இப்பேர்ப்பட்ட ஆளை உங்க அமெரிக்காக்காரங்க என்ன செஞ்சாங்கன்னு கேளுங்க. 1823ல நியூயார்க் மாநிலத்துல டிராய்னு ஒரு ஊரு, அங்க பத்திரிகையில பேரு போடாம ஒரு கிறிஸ்மஸ் பாட்டு வந்துது. அதுல கிறிஸ்மஸ் தாத்தாவையே எல்ஃபுன்னுதான் சொல்லியிருக்கு. ஆளும் குட்டி, வண்டியும் குட்டி, மானும் குட்டி. இல்லேன்னா புகைக்கூண்டு வழியா எப்படி எறங்குதது? நியாயந்தானே. அப்புறம் வருசம் ஏற ஏறத் தாத்தாவுக்கு வயிறு பெருத்துது, சொத்தும் பெருத்துது. 1866ல தாமஸ் நாஸ்டுன்னு ஒரு ஓவியக்காரரு ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகையில தாத்தாவுக்குப் பட்டறை வச்சுக் கொடுத்து, வட துருவத்துல விலாசமும் எழுதிட்டாரு. 1873ல கோடீஸ் லேடிஸ் புக்குன்னு பொம்பளைங்க பத்திரிகை, கிறிஸ்மஸ் இதழ்ல தாத்தா நடுவுல நிக்காரு, சுத்திப் பொம்மை, பொம்மைக்கு நடுவுல எல்ஃப் கூட்டம் வேலை பாக்குது. முடிஞ்சு போச்சு. பண்ணையில ஒத்தையாளா நிமிந்து நின்னவன் பட்டறைக் கூலியாயிட்டான். வருசம் பூரா வேலை, கஞ்சிக் கிண்ணத்த எவனும் படத்துல போடல.

நீங்க இப்ப கிறிஸ்மஸ் ராத்திரி மரத்தடியில பாலும் குக்கீயும் வைக்கீங்களே, யாருக்கு வைக்கீங்க? மொதலாளிக்கு! உழைச்சவன் வாசல்ல நிக்கான்.

அதோட விட்டாங்களா? 2005ல ஒரு அம்மாவும் மகளும் சேந்து புஸ்தகம் போட்டு, கூடவே ஒரு பொம்மையும் வச்சாங்க. எல்ஃப் ஆன் தி ஷெல்ஃப். அலமாரி மேல உக்காந்து புள்ளைங்களப் பகலெல்லாம் பாத்துக்கிட்டே இருப்பானாம், ராத்திரி வட துருவம் போயி யார் சேட்டை செஞ்சான்னு தாத்தாகிட்ட வத்தி வைப்பானாம். புள்ளைங்க தொட்டா அவன் மந்திரம் போயிருமாம். களவுக்குக் காவல் இருந்தவன், பச்சப் புள்ளையக் காவல் காக்கான். உங்க வீட்டு டிவிக்கு மேலயும் ஒருத்தன் உக்காந்திருக்கான். நான் சோத்துக்கு ரெண்டாந்தரம் ஊறுகா எடுக்கச்சுலயும் அவன் என்னத்தான் பாக்கான். எம் மக டாக்டர்கிட்ட சொல்லுததுக்கு முந்தி அவன் தாத்தாகிட்ட சொல்லியிருப்பான்.

இத்தனை பெரிய ராமாயணத்த என்னத்துக்கு இழுக்குதேன்னு கேப்பீங்க. நீங்க பிரிண்டு போடுத நாப்பது தாள்லயும் பாருங்க. எல்ஃப் சுத்தியல் வச்சிருக்கான், எல்ஃப் பார்சல் தூக்குதான், எல்ஃப் மானுக்கு மணி கட்டுதான், எல்ஃப் ஏணியில நிக்கான். அத்தனை பேரும் பல்லக் காட்டிச் சிரிக்கான். ஒருத்தனாவது உக்காந்து சாப்பிடுதானா? நேத்து நான் புள்ளைகிட்ட இந்த வெண்ணெய்க் கதையச் சொன்னேன். சொல்லிக்கிட்டிருக்கும்போதே அவ மஞ்சக் கிரேயானை எடுத்து, ஏணியில நிக்கவன் கையில ஒரு கிண்ணத்த வரஞ்சு, அதுக்கு மேல ஒரு வெண்ணெய்க் கட்டி வச்சா. வெண்ணெய் கிண்ணத்தவிடப் பெருசு. ஏணியும் பாதி மறஞ்சு போச்சு. அதுதான் மாப்பிள்ளை கலர் அடிக்கது. அச்சடிச்சவன் மறந்தத புள்ள போட்டுக் கொடுத்திட்டா. நீங்க அந்தத் தாளப் பாத்திட்டு, "ஏணிக்கு பிரவுன் அடிக்கலையே"ன்னீங்க.

அந்தச் சட்டைக் கலர் விவகாரத்தையும் பேசிருவோம். செவ்வாக்கிழமை அவ ஒரு எல்ஃபுக்குத் தலையில இருந்து கால் வரைக்கும் சாம்பக் கலரா அடிச்சா. நீங்க, "எல்ஃபுன்னா பச்சைச் சட்டை, செவப்புக் குல்லா"ன்னு பாடம் எடுத்தீங்க. இப்ப சொல்லுதேன், சாம்பக் கலர்தான் அவன் சொந்த உடுப்பு. தொழுவத்துல வேலை பாக்கவன் பச்சைச் சட்டையா மாட்டிக்கிட்டு நிப்பான்? சுவீடன்ல விக்டர் ரூட்பெரின்னு ஒருத்தர் 1881ல டொம்டேயப் பத்திப் பாட்டு எழுதினாரு, ஜென்னி நூஸ்ட்ரோம்ங்கத அம்மா அதுக்குப் படம் போட்டாங்க, அதுக்கப்புறம் அவங்க கிறிஸ்மஸ் கார்டாவும் வரஞ்சு தள்ளித்தான் அவன் முகம் ஊருக்கெல்லாம் பழகிச்சு. ஆக அவன் குல்லாவும் தாடியும் ஓவியக்காரங்க கைபட்டுக் கைபட்டு வந்தது. பெரிய மனுசங்க மாத்தலாம், உங்க மக மாத்தப்படாதா? அவ அடுத்து ஊதாவா அடிச்சாலும் வாயத் திறக்காதீங்க. "ஏன் ஊதா?"ன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. உங்களுக்கு ஒரு கதை கிடைக்கும், காசு கொடுக்காம.

கலர்னு சொல்லவும் ஒண்ணு ஞாபகம் வருது. இந்தக் கிரயோலாக் கம்பெனி டப்பாவுல முன்ன இந்தியன் ரெட்டுன்னு ஒரு கிரேயான் இருந்துதாம். செங்காவி. இந்தியாப் பக்கத்து மண்ணுல கிடைச்ச சாயத்தோட பேரு. இங்க உள்ள புள்ளைங்க அத செவ்விந்தியர் தோல் கலர்னு நெனைக்காங்கன்னு வாத்தியாருங்க சங்கடப்பட்டு, 1999ல செஸ்ட்நட்டுன்னு மாத்திட்டாங்க. அதுக்கும் முந்தி, வெளுத்த ரோஸ் கலர் ஒண்ணுக்குத் தோல் கலர்னே பேரு வச்சிருந்து, 1962ல பீச்சுன்னு ஆக்கினாங்க. நல்ல காரியம். நம்ம புள்ள அந்த செஸ்ட்நட்டை எடுத்து எல்ஃப் முகத்துக்கு அடிச்சிட்டு என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பாத்தா. தேரிக்காட்டு மண்ணு கலரு, அசல். வட துருவத்துல நமக்கும் ஒரு ஆள் இருக்கான்னு நான் சந்தோசப்பட்டுக்கிட்டேன்.

சரி, கிரேயான்னா என்ன? மெழுகும் சாயமும். ஒடையத்தான் செய்யும். அது ஒடைஞ்சா உங்க முகம் ஏன் ஒடையுது? நீங்க அறுபத்தினாலு கலர் டப்பா வாங்கி, ஒண்ணுகூட நுனி மழுங்காம அடுக்கி வச்சிருக்கீங்க. அஞ்சு வயசுப் புள்ளைக்குத் துண்டுக் கிரேயான்தான் நல்லது. நீளமா இருந்தா முழு முஷ்டியால இறுக்கிப் பிடிக்கும். சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு கொடுத்துப் பாருங்க, முஷ்டிக்கு அங்க எடமே இல்ல, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தானா வந்து பிடிக்கும். நாளைக்குப் பென்சில் பிடிக்குத பிடி அதுதான். நீங்க அதுக்குன்னு ரப்பர்ல என்னமோ மாட்டி, வீடியோவும் போட்டுக் காட்டிக்கிட்டு இருக்கீங்க. எங்கிட்டக் கொடுங்க டப்பாவ, பட்டுப் பட்டுன்னு ஒடிச்சுத் தாறேன். காகித உறையையும் உரிச்சுப் போடுங்க, படுக்க வச்சுத் தேய்க்கட்டும்.

பிரிண்டுக்கு வாறேன். இந்த யந்திரத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு நெனைக்காதீங்க, மை தீந்துட்டுன்னு நீங்க போடுத சத்தத்துல பாதி படிச்சிட்டேன். எடுக்குதது வெறுங்கோட்டுப் படமா இருக்கட்டும். பின்னால கருகருன்னு ராத்திரி வானம் அடைச்சு வச்சிருக்க படத்த எடுத்தா, புள்ளைக்கு முந்தி பிரிண்டரே கலர் அடிச்சிட்டுன்னு அர்த்தம், மையும் போச்சு. கறுப்பு மட்டும்னு அழுத்துங்க, டிராஃப்டுன்னு ஒண்ணு இருக்கே, அதையும் அழுத்துங்க. கோடு கொஞ்சம் மங்கலா வந்தா வரட்டும், அவ அதுக்கு மேலதான் அடிக்கப் போறா.

இன்னொண்ணு தாள் அளவு. நீங்க எடுக்குத படத்துல பாதி இங்கிலாந்துக்காரன் போட்டது. அவன் ஏ4 தாளுக்குப் போடுதான், நீளம் 297 மில்லிமீட்டர். உங்க ஊருத் தாள் லெட்டர் சைசு, 279தான். அப்படியே அச்சடிச்சா பதினெட்டு மில்லிமீட்டர் அந்தரத்துல போகுது. நம்ம ஊருக்கு நேர் எதிர்த் தொல்லை, அங்க ஏ4 தாளு, அமெரிக்காக்காரன் படம் பக்கவாட்டுல இடிக்கும். தாளுக்குள்ள அடக்குன்னு ஒரு பொத்தான் இருக்கு, ஃபிட்டுன்னு போட்டிருக்கும், அத அமுக்கினா செரியாப் போச்சு.

ஆனா அமுக்காததுதான் நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை வந்த எல்ஃபுக்குச் செருப்பு அந்தாக்குல வெட்டுப்பட்டுப் போச்சு. வளஞ்ச நுனி, நுனியில உள்ள மணி, ஒண்ணும் இல்ல. நீங்க வேற அறையில போன்ல இருந்தீங்க. புள்ள கொஞ்ச நேரம் பாத்தா. குப்பைக் கூடையில இருந்து ஒரு கவரை எடுத்துக் கிழிச்சா, டேப்பு வச்சு அடியில ஒட்டுனா, ரெண்டு காலு வரஞ்சா. செருப்பில்லாத காலு. அஞ்சஞ்சு விரல் எண்ணி எண்ணிப் போட்டா. அப்புறம் என் காலுக்குப் பக்கத்துல குப்புறப் படுத்துக்கிட்டு, என் குதிங்கால் வெடிப்பப் பாத்துப் பாத்து அதுக்கும் கோடு போட்டா. பெருவிரல் நகம் கறுத்துப் போயிருக்குல்லா எனக்கு, அதையும் விடல. அந்த எல்ஃபுக்கு மேல முகம் பொம்மை முகம், கீழ எழுபது வருசம் தேரி மண்ணுல நடந்த காலு. நீங்க வந்து, "அய்யோ, கட் ஆயிட்டே"ன்னு சொல்லி, அழகா அளவு பாத்து வேற தாள் அடிச்சுக் கொடுத்தீங்க. புதுத் தாளை அவ தொட்டாளா? சொல்லுங்க. இன்னும் சோபாவுக்கு அடியில கிடக்கு, கூட்டும்போது பாத்தேன்.

எந்தத் தாளை வச்சுக்கிடலாம்னு கேக்கீங்களா? நீங்க கேக்கல, நான் சொல்லுதேன். எண்ணு போட்டுக் கலர் சொல்லுத தாள், ஒண்ணுன்னா செவப்பு, ரெண்டுன்னா பச்சை, அது எண்ணு படிக்க ஒதவும். ஒண்ணு ரெண்டு போதும், அதுக்கு மேல போனா பேங்குச் செலான் எழுதுத வேலை. எல்ஃபு மானைத் தேடிப் போகுத சுத்துப் பாதை நல்லாத்தான் இருக்கு, ஆனா அவ பென்சில எடுத்து வேலியெல்லாம் தாண்டி ஒரே கோடா இழுத்து மான்கிட்டக் கொண்டு சேத்தா நீங்க சண்டைக்கு வரப்படாது. முகமே போடாம வெறும் குல்லாவும் காதும் மட்டும் இருக்க தாள் ஒண்ணு கண்டேன், அதுதான் இந்தக் கட்டுலயே உருப்படியானது. வீட்டு ஆளு ஒவ்வொருத்தர் முகத்தையும் அதுல போடச் சொல்லுங்க. உங்க முகத்துக்கு ஹெட்போன் மாட்டித்தான் போடுவா, இப்பவே சொல்லிட்டேன்.

பொடிப் பொடியா ஆயிரம் கட்டம் உள்ள தாளைத் தனியா எடுத்து வைங்க. அது பெரியவங்களுக்குள்ளது. ஸ்காட்லாந்துல ஜொஹான்னா பாஸ்ஃபோர்டுன்னு ஒரு பொண்ணு 2013ல பெரியவங்களுக்குன்னே கலர் அடிக்குத புஸ்தகம் போட்டு, அது சீமை சீமையா வித்திருக்கு. வெக்கப்பட ஒண்ணும் இல்ல. உங்களுக்கு ஆசையா இருந்தா உங்களுக்குன்னு ஒரு தாள் எடுத்துக்கிடுங்க. புள்ளை தாளை விட்டுருங்க.

என்ன முழிக்கீங்க? நான் பாத்தேன் மாப்பிள்ளை. ராத்திரி பதினோரு மணி, நான் தண்ணி குடிக்க எந்திரிச்சு வாறேன், அடுப்படி மேசையில லைட் எரியுது. நீங்க உக்காந்து, அவ விட்ட இடத்தையெல்லாம் பச்சைக் கிரேயான் வச்சு, கோட்டுக்கு வெளியே ஒரு இம்மி போகாம நிரப்பிக்கிட்டு இருக்கீங்க. நாக்கை வேற ஓரமா கடிச்சுக்கிட்டு. காலையில அது போட்டோவா வாட்சப்புல போயி, "என் மகள் வரைந்தது"ன்னு, எத்தனை கைதட்டு! புள்ள காலையில தாளப் பாத்தா. "எல்ஃபு வந்து ராத்திரி கலர் அடிச்சிருக்கான் தாத்தா"ன்னு எங்கிட்ட ரகசியமாச் சொன்னா. நான் ஆமான்னுதான் சொன்னேன். பொய்யில்லையே. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் யாருக்கும் தெரியாம வேலை பாக்கவன் வேற யாரு? கூலி வேணும்னா எம் மககிட்ட கேளுங்க, வெண்ணெய் மேலதான் வைப்பா.

இதெல்லாம் கெழவன் கண்டுபிடிச்ச சங்கதின்னு நெனைக்காதீங்க. உங்க பெத்லகேம் மொராவியக்காரங்க இருக்காங்களே, அவங்க சபைக்கு முன்னோடிச் சபையில பிஷப்பா இருந்தவரு கொமேனியஸ். 1658ல நியூரம்பர்க்ல புள்ளைங்களுக்குன்னு ஒரு படப் புஸ்தகம் போட்டாரு, ஆர்பிஸ் பிக்டஸ்னு பேரு. முன்னுரையிலயே எழுதிட்டாரு, படத்தப் பாத்துக் கையால வரஞ்சு பாக்க ஆசப்பட்டா புள்ளைங்கள விடுங்க, ஆசையில்லேன்னா ஆசைய மூட்டி விடுங்கன்னு. அட்டவணை போடுங்கன்னு பிஷப்பு எங்கயும் எழுதினதா எம் மக வாசிக்கல.

ஒரு விளையாட்டு மட்டும் நீங்க கூட உக்காரணும், அதுல நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். உடம்பு தனி, கை தனி, கால் தனியா அச்சடிச்ச தாள் ஒண்ணு இருக்குல்லா, வெட்டி மாட்டுதது? அத கெட்டித் தாள்ல அடிங்க, சாதாத் தாள்ல அடிச்சா தோள்பட்டை கிழிஞ்சிரும். அவ கலர் அடிக்கட்டும், கத்திரியும் அவளே பிடிக்கட்டும், கை கொஞ்சம் ஒல்லியாப் போனாப் பரவாயில்ல. ஓட்டை போடுதது மட்டும் உங்க வேலை. மூட்டுக்கு மூட்டு அந்தப் பித்தளைப் பின்னு, பின்னால ரெண்டு கால விரிச்சு மடக்குவாங்களே அது, குத்திவிட்டா கையும் காலும் ஆடும். பின்னால நூல் கட்டினா ஒரே இழுப்புல நாலும் தூக்கும். புள்ள இழுக்கணும், எல்ஃபு ஆடணும். அலமாரியில உக்காந்து அவளப் பாத்தவன், இவ சொன்னபடி ஆடட்டும் கொஞ்ச நேரம்.

நாப்பதும் வந்து விழுந்திட்டா? பாருங்க, நான் பேசினதுல நேரம் போனதே தெரியல உங்களுக்கு. அதுல ஆறு தாள் எடுத்து வைங்க. மீதியத் திருப்பிப் போடுங்க, பின்பக்கம் வெள்ளை வெளேர்னு கிடக்கு, அவ இஷ்டத்துக்கு வரையட்டும். அட்டவணைய நீங்களே கிழிச்சிருங்க, நான் கிழிச்சா மாமனார் அதிகாரம் பண்ணுதான்னு வரும்.

மணி அடிக்குது, போங்க மீட்டிங்குக்கு. சாயங்காலம் கடைக்குப் போனா அந்தப் பித்தளைப் பின்னு ஒரு டப்பா. அரிசிக் கஞ்சிக்கு வெண்ணெயும் ஒரு கட்டி, உப்பில்லாததா பாத்து வாங்குங்க. எல்ஃபுக்கு எப்படியோ, எனக்கு பிரஷர் இருக்கு.